மூச்சு வாங்கினால் சொல்லிவிடுங்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்று கல்லூரி நாட்களில் பெயர் வாங்கியவன் நான். பயப்படாதீர்கள், இன்று சீக்கிரம் முடித்துவிடுகிறேன். என் கழுத்தில் இருக்கும் இந்தத் தழும்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

2021 மே மாதம் கொரோனா வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். தொண்டை வழியாகக் குழாய் செலுத்தி, 16 நாள் வென்டிலேட்டரில் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். வீடு திரும்பி ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. போகப் போக, சும்மா உட்கார்ந்திருந்தாலும் விசில் மாதிரி சத்தம். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். வயசாச்சு, கொரோனா வேறு வந்த உடம்பு, இப்படித்தான் இருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒரு நாள் நம் வகுப்புத் தோழன் போன் செய்தான். காது மூக்கு தொண்டை மருத்துவன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, "டேய், கொஞ்சம் பேசாம மூச்சை மட்டும் இழு" என்றான். இழுத்தேன். "ஆஸ்துமான்னா பெரும்பாலும் மூச்சை விடும்போதுதான்டா சத்தம் வரும். உனக்கு இழுக்கும்போது வருது. நாளைக்கே கிளம்பி வா" என்றான்.

உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். கட்டைவிரல் பருமன் இருக்க வேண்டிய மூச்சுக்குழாய், ஓரிடத்தில் பென்சிலைவிட ஒடுங்கிப் போயிருந்தது. காரணத்தை அவனே விளக்கினான். அந்தக் குழாயின் நுனிக்குச் சற்று மேலே காற்றடைத்த சிறு பலூன் இருக்கும். காற்று பக்கவாட்டில் கசியாமல் இருக்க அது வேண்டும். அதன் அழுத்தம் 30 சென்டிமீட்டர் தண்ணீர் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். தாண்டினால் உள்சவ்வுக்கு ரத்தம் போகாமல் புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, குழாயையும் சேர்த்து இறுக்கிவிடும். பாஸ்டனில் கூப்பர், கிரில்லோ என்ற அறுவை மருத்துவர்கள் 1969லேயே இதைக் கண்டு எழுதினார்கள். மென்மையான பலூன்கள் வந்தபின் இது வெகுவாகக் குறைந்தது. அடியோடு ஒழியவில்லை.

சிலருக்கு உள்ளிருந்தே விரித்துவிட்டால் போதும். எனக்கு விரித்தும் மறுபடி சுருங்கியது. ஒடுங்கிய பகுதியை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். தையல் இழுபடாமல் இருக்க, முகவாயையும் மார்பையும் இணைத்து ஒரு வாரம் தையல்! பிரின்ஸ்பால் அறையில்கூட நான் அவ்வளவு நேரம் தலைகுனிந்து நின்றதில்லை.

அந்தக் குழாய் மேல் எனக்குக் கோபமில்லை. அது இல்லாவிட்டால் இந்த மேடையில் நான் இல்லை. நண்பர்களே, நமக்கும் வயதாகிறது. நாளை யாருக்கு வேண்டுமானாலும் அந்தக் குழாய் தேவைப்படலாம். வீடு திரும்பிய பிறகு வாரங்கள், மாதங்கள் கழித்து மூச்சு வாங்கினாலும், இழுக்கும்போது சத்தம் வந்தாலும், "எனக்குக் குழாய் போட்டிருந்தார்கள்" என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மூச்சுத் திணறல் அதிகமானால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. பழைய நண்பர்களுக்கு அடிக்கடி போன் செய்யுங்கள். நாம் மறைப்பதை அவர்கள் காது கேட்டுவிடும்.