குப்பை மேடு சொல்லும் வரலாறு



'ஆதிமனிதன் தின்று போட்ட ஓட்டில் நமக்கென்ன வேலை?' என்று இந்த அரங்கில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல முயல்கிறேன்.

ஜொகூர் பாரு இரவுச் சந்தையில் 'சிப்புட் செடுட்' வாங்கியிருப்பீர்கள். நத்தையின் கூர்நுனியை நறுக்கிச் சமைப்பார்கள். அப்போதுதான் சதையை உறிஞ்ச முடியும். தென்கிழக்காசியக் குகைகளில் கிடைத்த ஆற்று நத்தை ஓடுகள் பலவற்றிலும் அப்படியே நுனி நீக்கப்பட்டிருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கை மாறி வந்த வித்தை அது.

பேராக், லெங்கோங் பள்ளத்தாக்கில் 1990களின் தொடக்கத்தில் சுரைனா மஜீத் தலைமையிலான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. அதுதான் 'பேராக் மனிதன்'. வயது ஏறத்தாழ 10,000 ஆண்டுகள். பிறவியிலேயே இடக்கை ஊனம். அவனை ஒதுக்கிவிடவில்லை அந்தக் கூட்டம். கால்களை மடக்கிப் படுக்க வைத்து, கற்கருவிகளோடும் இறைச்சியோடும் ஆயிரக்கணக்கான ஆற்று நத்தை ஓடுகளோடும் அடக்கம் செய்திருக்கிறது. பசிக்குத் தின்ற நத்தையே மரியாதைக்கும் படையலாயிற்று. அந்தப் பள்ளத்தாக்கு 2012இல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

கடல் சிப்பிக்கு வருவோம். செபராங் பிறையில் குவார் கெப்பா என்றோர் ஊர். 'கெப்பா' என்றால் மட்டி. புதிய கற்கால மக்கள் தின்று போட்ட மட்டி ஓடுகள் அங்கே மேடு மேடாகக் கிடந்தன. இன்று கடல் தள்ளியிருக்கிறது. அன்று கரை எங்கே இருந்தது என்பதற்கு அந்த ஓடுகளே சாட்சி.

அந்த மேடுகளுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? 19ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். 1934இல் அங்கே தோண்டியெடுத்த 30க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் நெதர்லாந்துக்குப் போயின. எஞ்சிய மண்ணில்தான் 2017இல், காட்சிக்கூடம் கட்டும்போது, ஏறத்தாழ 5,700 ஆண்டுகள் பழமையான 'பினாங்குப் பெண்' கிடைத்தாள். அந்தத் துண்டு நிலமும் போயிருந்தால் அவளும் போயிருப்பாள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் பாட்டி ஜொகூர்த் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவர். லயத்து வீட்டைக் காலி செய்தபோது, அவருடைய வெற்றிலைப் பெட்டியைச் சுண்ணாம்பு டப்பாவோடு குப்பை லாரியில் போட்டவன் நான்தான். அது வெறும் பழைய சாமான் என்று நினைத்தேன். இன்று என் மகள், 'பாட்டி எப்படி இருந்தார்கள்?' என்று கேட்கிறாள். காட்ட ஒன்றுமில்லை.

நேயர்களே, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகின்றன. உங்கள் வீட்டு மூலையில் ஒரு மங்கோ, பால்வெட்டும் உளியோ கிடந்தால் வீசிவிடாதீர்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். மட்டி தின்றவனுக்கு எழுதத் தெரியாது. நமக்குத் தெரியும்.