கை வேகமா, புத்தி வேகமா?

(ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஒரகடத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு டிரெய்னி. எதைக் கேட்டாலும் கொஞ்சம் நிதானித்துத்தான் பதில் சொல்வான். "பையன் மந்தம்" என்று ரிப்போர்ட் எழுதினேன். அவன் வேலை நிரந்தரமாவது ஆறு மாசம் தள்ளிப்போனது. பிறகொரு நாள் பேனல் மூலையில் மயிரிழை விரிசலைப் பார்த்து லைனை நிறுத்தியது அவன்தான். கை வேகமாக ஓடிய நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

அப்படியானால் புத்திக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. 1884-லேயே லண்டனில் கால்ட்டன் இதை அளக்க முயன்றார். 2001-ல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில் சுமார் 900 பேர். ஒரே பொத்தானை அழுத்தும் வேகத்துக்கும் அறிவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு 0.31, நாலு பொத்தானில் சரியானதைத் தேர்ந்து அழுத்தினால் 0.49. 0.49-ஐ வர்க்கப்படுத்திப் பாருங்கள், கால் பங்குகூட முழுசா வராது. மீதி முக்கால் பங்கு வேறு விஷயங்கள்.

நம் சென்னையிலேயே பாருங்களேன். ஆனந்த் சின்ன வயசிலிருந்தே மின்னல் வேக ஆட்டக்காரர். 2024-ல் உலகப் பட்டம் வென்ற குகேஷுக்கோ, நின்று யோசிக்கும் ஆட்டமே பலம். இரண்டு பேருமே உலக சாம்பியன்கள்தான்!

இப்போது இன்டர்வியூ எடுக்கும்போது, கேள்வி கேட்டுவிட்டு அரை நிமிஷம் வாயை மூடிக்கொள்கிறேன். அந்தப் பையனிடம் கற்ற பாடம் அது. தம்பிகளா, தங்கைகளா, யோசிச்சுப் பதில் சொல்ல வெட்கப்படாதீங்க.