தவழ்ந்து தொட்ட கோடு

கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்தணும். கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கணும். அதோடு விட்டாங்களா? அப்புறம் 42 கிலோமீட்டர் ஓடணும். எல்லாம் ஒரே நாளில்! ஹவாய் தீவின் அயர்ன்மேன் போட்டி இது.

1982 பிப்ரவரியில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, தன் ஆய்வுக்காக இதில் கலந்துகிட்டாங்க. பயிற்சி போதாது. ஆனாலும் பெண்களில் முதலாவதா வந்துகிட்டிருந்தாங்க. எல்லைக்கோடு கிட்ட வந்தப்போ சக்தியெல்லாம் தீர்ந்து, கால் துவண்டு விழுந்துட்டாங்க. பின்னால் வந்த கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போய் ஜெயிச்சுட்டாங்க. ஜூலி விடலையே! தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டாங்க. வித்தியாசம் 29 வினாடிதான்.

தொலைக்காட்சியில் அதைப் பார்த்த பலருக்கு இந்தப் போட்டி மேல ஆசை வந்தது. உங்களுக்கும் வந்தால் நல்லதுதான். ஜூலியோட மன உறுதியை எடுத்துக்குங்க. பயிற்சியை மட்டும் ஒழுங்கா பண்ணிட்டுப் போங்க!