சாக்கோவுக்குப் போற பாதை

அமெரிக்காவுல, நியூ மெக்சிகோ மாநிலத்துல, சாக்கோன்னு ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கு. பாறைச் சுவரை ஒட்டிக் கூடாரம் போட்டுத் தங்கலாம். போய்ச் சேரணுமே! வடக்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்கினா 34 கிலோமீட்டர்; பெரும்பகுதி மண் ரோடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தரையில விரிச்ச மாதிரி வரிவரியா மேடு பள்ளம். பல்லெல்லாம் கடகடன்னு ஆடும். இந்த வரியைப் போட்டது யாரு? வண்டிங்கதான். சின்ன மேட்டுல ஏறித் துள்ளி விழுற சக்கரம் மண்ணைத் தள்ளி அடுத்த மேட்டை உண்டாக்குது. பின்னால வர்ற வண்டி அதைப் பெருசாக்குது. மழை பெஞ்சா களிமண் டயரை விடாது.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, சக்கரமே இல்லாத ஜனங்க, 75 கிலோமீட்டர் தள்ளியிருந்த மலையிலேருந்து மரங்களைச் சுமந்து வந்து இங்கே 600 அறைக்கு மேல ஒரே கட்டடமா எழுப்பினாங்க. சில உத்தரங்கள் இன்னும் சுவர்லயே இருக்கு.