ஏட்டில் ஒரு வரி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் மாதம் இறந்தோரை நினைக்கும் மாதம். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று நாம் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். புல் செதுக்கினோம், சுண்ணாம்பு அடித்தோம், மாலை போட்டு மெழுகுதிரி ஏற்றினோம். குருவானவர் வந்து மந்திரித்துச் சென்றபின் சற்று நேரம் அங்கேயே நின்றோம். அப்போது பக்கத்தில் நின்ற பிள்ளை, "தாத்தாவோட அப்பா பேரு என்ன?" என்று கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்லியிருப்போம்?

அப்பாவின் அப்பா பெயர் தெரியும். அதற்கு மேலே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பெண்கள் வழியில் இன்னும் சீக்கிரம் நின்றுவிடுகிறது. அப்பத்தா என்றும் அம்மாச்சி என்றும் ஆயுள் முழுக்கக் கூப்பிட்டோம். அவர்களுக்குத் திருமுழுக்கில் கொடுத்த பெயர் என்ன என்று நாம் கேட்டதில்லை. இறந்த பிறகு கல்லறைக் கல்லில் எழுதத்தான் விசாரித்தோம்.

ஆகவே இன்று நம் முன்னோரைத் தேடுவது பற்றிச் சிந்திப்போம். ஆனையூரில் இன்று வாழும் குடும்பங்களில் பல, வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேறு ஊர்களிலிருந்து வந்தவை. நம் வேர்கள் பல ஊர்களில் கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் போக வழி உண்டா? உண்டு. அந்த வழி ஒரு பெரிய ஏட்டின் வழியாகப் போகிறது. ஒவ்வொரு பங்கு அலுவலகத்தின் அலமாரியிலும் இருக்கிற திருமுழுக்குப் பதிவேடுதான் அது.

இந்த ஏட்டின் கதை இத்தாலியில் தொடங்குகிறது. அந்நாட்டின் வட பகுதியில் உள்ள திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம், 1563-ஆம் ஆண்டு, ஒவ்வொரு பங்குக் குருவும் திருமணங்களை ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றும், திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோரின் பெயரையும் எழுத வேண்டும் என்றும் கட்டளையிட்டது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், இறந்தோருக்கும் ஓர் ஏடு வேண்டும் என்றது. இத்தாலி ஒரே அரசானபின், அரசின் குடிமைப் பதிவு வந்தது 1866-இல்தான். அதற்கு முந்தைய தலைமுறைகளைப் பெரும்பாலும் கோயில் ஏடுகளில்தான் தேட முடிகிறது. பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் பிழைக்கப் போன இத்தாலியரின் பேரப்பிள்ளைகள், இன்றும் தங்கள் பூர்வீக ஊரின் நகராட்சிக்கும் பங்குக்கும் எழுதிக் கேட்டுத் தங்கள் தாத்தாக்களைக் கண்டுபிடிக்கிறார்கள். அதே முறைதான், அதே மாதிரிக் கட்டம் போட்ட ஏடுதான், கடல் கடந்து நம் மதுரை மறைப்பணித்தளத்துக்கும் வந்தது.

நாம் தேடுவது எப்படி? முதலில் வீட்டிலுள்ள பெரியவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அவர் பிறந்தது எந்த ஊர், அந்த ஊர் எந்தப் பங்கைச் சேர்ந்த கிளைக்கிராமம், பாதுகாவலர் யார், எந்த மாதம் திருவிழா என்று கேட்க வேண்டும். ஒன்றை மறந்துவிடக் கூடாது. நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஆகவே குழந்தைக்குத் திருமுழுக்கும் பல சமயம் தாயின் ஊர்க் கோயிலிலேயே நடந்திருக்கும். அப்பா ஊர் ஏட்டைப் புரட்டிப் பெயர் இல்லையென்று திரும்பியவர்கள், அம்மாச்சி ஊருக்குப் போய்ப் பாருங்கள்.

அடுத்து, அந்த ஊர் இப்போது எந்த மறைமாவட்டம் என்று பார்க்க வேண்டும். நம் மதுரை மறைமாவட்டம் உருவானது 1938-இல். அதற்கு முன் இந்தப் பகுதி திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தது. பாளையங்கோட்டை 1973-இலும், சிவகங்கை 1987-இலும் மதுரையிலிருந்து பிரிந்தன. திண்டுக்கல் 2003-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. எல்லைகள் மாறினாலும் ஏடு பெரும்பாலும் அந்தப் பங்கிலேயே இருக்கும். கிளைக்கிராமம் பிற்பாடு தனிப்பங்காகியிருந்தால், பழைய ஏடு தாய்ப்பங்கில் இருக்கும்.

ஏட்டைத் திறந்தால் பெயர்களே புதிராக இருக்கலாம். பழைய பதிவுகள் பல இலத்தீனில் உள்ளன. நம் வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே பெத்ருஸ். சின்னப்பன் என்றவர் பவுலுஸ். அருளப்பன் என்றவர் யொஹான்னெஸ். பெலவேந்திரன் என்றவர் அந்த்ரேயாஸ். புனிதர்களின் பெயர்களை நம் முன்னோர் பொருள் அறிந்து தமிழாக்கிச் சூட்டினார்கள். குருவானவர் அவற்றை மீண்டும் இலத்தீனாக்கி எழுதினார். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்தால்தான் நம் பூட்டன் கிடைப்பார்.

ஓரத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். ஒருவர் உறுதிப்பூசுதல் பெற்றது, திருமணம் செய்தது, குருவானது ஆகியவற்றையும் அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே ஒரே வரியில் ஒரு மனிதரின் வாழ்க்கைப் பாதை தெரிந்துவிடும். எந்த ஊருக்குப் பெண் போனாள் என்பதற்கு அந்த ஓரக் குறிப்பே சாட்சி.

கோயில் ஏட்டோடு அரசுப் பதிவும் உண்டு. ஆனால் அது, பெற்றோர் குடியிருந்த இடத்தில் இல்லாமல், பிறப்பு நடந்த இடத்தில் இருக்கும். ஆனையூர் ஒரு காலத்தில் தனி நகராட்சி. 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. கிராமத்தில் பிறந்தவரென்றால் கிராம நிர்வாக அலுவலரிடமோ, வட்டாட்சியர் அலுவலகத்திலோ, சார்பதிவாளர் அலுவலகத்திலோ கேட்க வேண்டியிருக்கும். பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் கேட்கும் வாய்ப்பை 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நமக்குத் தருகிறது. ஆனால் பழைய அரசுப் பதிவுகளில் ஒரு குறை உண்டு. பிறந்த உடனே எழுதியதால் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்காது. அப்பா பெயர், அம்மா பெயர், ஆண் குழந்தை அல்லது பெண் குழந்தை, அவ்வளவுதான். அந்தக் குழந்தைக்குப் பெயர் கிடைத்தது கோயிலில். அதைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாயின் பெயரும் அங்கேதான் இருக்கிறது.

அன்பானவர்களே, இந்த வழியில் தேடிப் போனால் நாம் யாரை வந்தடைவோம்? நம் குடும்பங்களில் அதிகம் வழங்கும் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். ஞானப்பிரகாசம். இது புனித அலோய்சியுஸ் கொன்சாகாவுக்கு நம் தமிழ்த் திருச்சபை கொடுத்த பெயர். அவர் 1568-இல் வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற சிற்றூரில் பிறந்தார். நூறாண்டுக்குப் பின், 1680-இல், அதே சிற்றூரில் இன்னொரு குழந்தை பிறந்தது. அவர்தான் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. 1710-இல் இந்தியா வந்து, மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்து, தைரியநாதர் என்றும் வீரமாமுனிவர் என்றும் நம்மவராகவே ஆகிவிட்டார். எகர ஏகாரத்தை வேறுபடுத்த இரட்டைக் கொம்பு தந்தவர் அவர். நம் பெயர்களை ஏட்டில் பிழையில்லாமல் எழுதவும் அவர் கை உதவியிருக்கிறது. அவருக்கும் முன்னே, 1606-இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகரான இராபர்ட் தே நொபிலியும் இத்தாலியர்தான். இரத்தத்தால் நமக்கும் இவர்களுக்கும் உறவில்லை. ஆனாலும் நம் பெயரைத் தேடிப் போனால் இவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். இவர்கள் விசுவாசத்தில் நம் முன்னோர்.

அந்த ஞானப்பிரகாசியார் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் ஆளும் குடும்பத்தின் தலைமகன். பட்டமும் நிலமும் அவருக்கே உரியவை. 1585-இல் அந்தப் பரம்பரை உரிமையைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். உரோமையில் கொள்ளைநோய் பரவியபோது, தெருவில் கிடந்த நோயாளிகளைத் தூக்கிச் சென்று பணிவிடை செய்தார். அந்த நோயே அவரையும் பற்றியது. 1591-இல், 23 வயதில் இறந்தார். நாம் பரம்பரையைத் தேடிப் போகிறோம். அந்த வழியில் நமக்கு எதிரே வருகிறவரோ, பரம்பரையை இறக்கி வைத்தவர்!

இதை நாம் கவனிக்க வேண்டும். ஏனென்றால் நம் நாட்டில் பூர்வீகம் தேடுவது எளிதில் சாதியைத் தேடுவதாக மாறிவிடும். "நாங்க யாரு தெரியுமா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவோம். கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சுவர் வைத்த பாவம் நம் திருச்சபை வரலாற்றிலும் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் திருமுழுக்கு ஏட்டைத் திறந்து பாருங்கள். அங்கே மேல்சாதிக்கு முதல் பக்கமும் மற்றவர்களுக்குக் கடைசிப் பக்கமும் இருக்க வேண்டிய அவசியம் என்ன? எண் வரிசையும் நாளும்தானே அதன் ஒழுங்கு! ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பண்ணையார் பிள்ளைக்கும் ஒரு வரி, பண்ணையாள் பிள்ளைக்கும் ஒரு வரி. எல்லோர் தலையிலும் ஊற்றியது ஒரே தண்ணீர். நம் பூட்டனின் பெயருக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் இருக்கிறார்களே, அவர்களும் அன்றே நம் உறவினர் ஆகிவிட்டார்கள். ஏட்டில் நம் வரியை மட்டும் படித்துவிட்டு மூடினால் நாம் பாதிதான் படித்தோம்.

புனித மத்தேயு தம் நற்செய்தியை இயேசுவின் மூதாதையர் பட்டியலோடுதான் தொடங்குகிறார். அதில் அரசர்கள் இருக்கிறார்கள். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகியோரும் இருக்கிறார்கள். அந்நிய நாட்டுப் பெண்ணை அவர் மறைக்கவில்லை. தாவீதின் பாவத்தையும் மறைக்கவில்லை. நம் ஏட்டிலும் நமக்குப் பிடிக்காத செய்தி ஒன்று வரலாம். அவரும் நம்மவர் என்று ஏற்றுக்கொள்ளும் மனம் இருந்தால்தான் முன்னோரைத் தேடும் தகுதி நமக்கு உண்டு.

தேடியும் கிடைக்காதவர்களும் உண்டு. கரையான் அரித்த ஏடு, மழையில் நனைந்து மை கலைந்த பக்கம், எழுதாமலே விட்ட இறப்பு. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் சிலர் தங்கள் தலைமுறை அட்டவணையைத் தேடிக் காணாமல் நின்றதை எஸ்ரா நூலில் வாசிக்கிறோம். அதனால் அவர்கள் குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். அது எவ்வளவு வேதனை! மனிதர் வைக்கும் ஏடு அப்படித்தான். இத்தாலி அரசு 2025-இல், வெளிநாட்டில் பிறந்த வாரிசுகள் இரத்த உறவால் குடியுரிமை பெறுவதைப் பெற்றோர், தாத்தா பாட்டி என்ற இரண்டு தலைமுறைக்குள் சுருக்கிவிட்டது. அரசுகளுக்கு எல்லை வேண்டும். ஆனால் ஆண்டவர் தம் சீடரை எதற்காக மகிழச் சொன்னார்? பேய்கள் அடங்கியதற்காக மகிழ வேண்டாம், விண்ணகத்தில் உங்கள் பெயர் எழுதப்பட்டிருப்பதற்காக மகிழுங்கள் என்றார். அந்த ஏட்டைக் கரையான் அரிக்காது. பெயர் தெரியாமல் நாம் புதைத்த அப்பத்தாவின் பெயர் அங்கே இருக்கிறது.

ஆகவே இந்த மாதம் முடிவதற்குள் மூன்று காரியங்கள் செய்வோம். ஒன்று, வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து, நான்கு தலைமுறைப் பெயர்களை, பெண்கள் பெயரையும் சேர்த்து, ஒரு நோட்டில் எழுதுவோம். ஞானப்பெற்றோரின் பெயரையும் எழுதுவோம். இரண்டு, நம் வீட்டுப் பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதிவு செய்வோம். குழந்தையின் பெயரைச் சேர்க்காமல் விட்டிருந்தால் உடனே சேர்ப்போம். அக்கம்பக்கத்தில் எழுதப்படிக்கத் தெரியாத குடும்பம் இருந்தால் அவர்களுக்காக நாமே அலுவலகம் வரை போய் வருவோம். சான்றிதழ் இல்லாமல் ஓர் ஏழைப் பிள்ளை பள்ளி வாசலில் நிற்பது நம் எல்லோருக்கும் வெட்கம். மூன்று, கல்லறைத் தோட்டத்தில் பெயர் அழிந்த, கேட்பாரற்ற ஒரு குழிக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம்.

செபிப்போம். எங்களைப் பெயர் சொல்லி அழைத்த தந்தையே, எங்களுக்கு முன் விசுவாசத்தில் வாழ்ந்து மறைந்தவர்களை, நாங்கள் அறிந்தவர்களையும் அறியாதவர்களையும், உம் ஒளியில் சேர்த்தருளும். அவர்கள் எங்களுக்குக் கொடுத்த பெயருக்கு ஏற்ப நாங்கள் வாழச் செய்யும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.