பழகியதா, பிழைத்ததா?

பூச்சியோடு நடக்கிற போரிலே முந்துவது மனித அறிவா, பூச்சியின் மரபா என்பது தலைப்பு. நான் மரபின் பக்கம்.

எனக்கு முன்னாலே பேசிய சகோதரி ஒரு போடு போட்டாங்க. "வீட்டுக்காரர் என் சமையலுக்குப் பழகின மாதிரி, பூச்சியும் மருந்துக்குப் பழகிக்கிச்சு"ன்னு. (சிரிப்பு) அம்மா, அவர் பழகித்தான் ஆகணும், வேற வழியில்லே! (பலத்த கைதட்டல்) பூச்சி பழகாது. தாங்காத புழு சாகும். தாங்குகிற புழு கூட்டத்திலே ஏற்கெனவே ஒன்றிரண்டு இருக்கும். மற்றதையெல்லாம் கொன்று, அதுக்குக் காட்டைப் பட்டா போட்டுக் கொடுக்கிறது நம்ம மருந்துதான்!

பருத்தியை எடுத்துக்குங்க. 2002இல் இந்தியாவுக்கு பி.டி. பருத்தி வந்தது. மண்ணிலே வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடியிலே வைத்தார்கள். செடியே நஞ்சு செய்யும். காய்ப்புழு தின்றால், நஞ்சு அதன் குடலிலே ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு குடலை ஓட்டையாக்கும். அந்தப் புரதத்துக்கான மரபணுவிலே எழுத்துப்பிழை இருந்தால்? நஞ்சுக்குப் பிடி கிடைக்காது. என் வகுப்பிலே பிழை இருந்தால் மதிப்பெண் போகும். இங்கே பிழை இருந்தால் உயிர் மிஞ்சும்! (கைதட்டல்) ஆனால் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் பிழை வந்தால்தான் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நன்றாகத் தப்பும். அதனாலேதான் விதைப்பையோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் கொடுத்தார்கள். ஓரத்திலே அதை விதைத்தால், அங்கே பிழைக்கிற சாதாரண அந்துப்பூச்சி, தப்பிய பூச்சியோடு கூடும். பிறக்கிற குஞ்சுகள் நஞ்சுக்குச் சாகும்.

எங்க சித்தப்பா கரிசக்காட்டுச் சம்சாரி. அந்தச் சின்னப் பொட்டலத்தைக் காட்டி, "இது எதுக்குய்யா? நீதான் படிச்சவன்"னு கேட்டார். டாக்டர் பட்டம் வாங்கின நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கலே. "புழு திங்கவா விதைப்பீங்க? தூக்கிப் போடுங்க சித்தப்பா" என்றேன். (சிரிப்பு) சிரிக்காதீங்க. நாட்டிலே பலரும் அதைத்தான் செய்தார்கள். குஜராத்திலே நான்கு மாவட்டங்களில் புழு தாங்கிவிட்டது என்று 2010இல் விதைக் கம்பெனியே ஒத்துக்கொண்டது. இரட்டை நஞ்சோடு 2006இல் வந்த விதையும் பிறகு தோற்றது. சித்தப்பா முதுகிலே மறுபடி ஸ்பிரேயர் ஏறியது.

அதே புழு அமெரிக்காவிலே, அரிசோனாவிலே என்ன ஆச்சு? 1996 முதல் சாதாரணப் பருத்தியையும் சேர்த்து விதைத்தார்கள். பத்து வருஷம் நஞ்சு வேலை செய்தது. 2006 முதல் மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து விட்டார்கள். 2018இல் புழு ஒழிந்தது என்று அரசாங்கமே அறிவித்தது.

"பார்த்தீங்களா, அறிவு ஜெயிச்சது"ன்னு எதிரணி எழுந்திரிப்பாங்க. உட்காருங்க ஐயா! கொஞ்சம் பூச்சியை வாழ விட்டுத்தானே ஜெயிச்சாங்க? மரபு போட்ட கணக்கிலேதானே நடந்தாங்க? (கைதட்டல்)

சித்தப்பா இப்போ மக்காச்சோளம் போடறார். அதிலே படைப்புழு. என்ன மருந்து அடிக்கலாம்னு போன் பண்ணினார். "டப்பாவை எடுத்துக்கிட்டு வாங்க, இந்தத் தடவை முழுசாப் படிச்சுச் சொல்றேன்" என்றேன். நடுவர் மணி அடிக்கிறார், உட்கார்றேன்.