குழந்தைகளின் முழங்கைக் காயங்கள்



விடுமுறையிலும் விழா நாள்களிலும் வீடு நிறையக் குழந்தைகள் கூடுகின்றனர். திண்ணையிலிருந்து குதிப்பதும் மதில்மேல் ஏறுவதும் ஊஞ்சலாடுவதும் அப்போது மிகுதி. விழுகின்ற குழந்தை தன்னைத் தாங்கிக்கொள்ளக் கையை நீட்டுகிறது; உடலின் பாரம் முழுவதும் அக்கையில் இறங்குகிறது. பெரும்பாலும் மணிக்கட்டோ முழங்கையோ அடிபடுகிறது. இவ்விரண்டையும் ஒரே வகைக் காயமாகக் கருதுவதால்தான் சில குழந்தைகளின் கை வாழ்நாள் முழுவதும் முடங்கிப்போகிறது.

குழந்தையின் எலும்பு பெரியவர்களின் எலும்பைப் போன்றதன்று. பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் அது முற்றிலும் முறியாமல் ஒருபுறம் மட்டும் பிளக்கும். குழந்தையின் எலும்பும் பலமுறை அவ்வாறே முறிகிறது. மேலும், எலும்பின் முனைக்கருகே குருத்தெலும்பாலான வளர்தட்டு ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அவ்விடத்தில்தான். மூட்டைப் பிணைக்கும் தசைநாரைவிட அத்தட்டு வலிமை குறைந்தது. ஆதலால், பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி, குழந்தைக்கு வளர்தட்டின் முறிவாக இருக்கக்கூடும். குருத்தெலும்பு எக்ஸ்ரே படத்தில் தெரிவதில்லை. அதனால் மருத்துவர் சிலசமயம் நல்ல கையையும் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். அது வீண்செலவு அன்று.

முன்கையின் ஆரை எலும்பு தன் வளர்ச்சியில் சுமார் 75 முதல் 80 விழுக்காட்டை மணிக்கட்டுப் பக்கத்தில் பெறுகிறது. ஆகவே அங்கு ஏற்படும் முறிவு சற்றே கோணலாகப் பொருந்தினாலும், குழந்தை வளர வளரத் தானே நேராகிவிடும். மேற்கை எலும்போ முழங்கைப் பக்கத்தில் சுமார் 20 விழுக்காடுதான் வளர்கிறது. அங்கே கோணலாகக் கூடிய எலும்பு பெரும்பாலும் கோணலாகவே நின்றுவிடும். “சென்ற ஆண்டு அண்ணன் மகனுக்கு நாட்டுக் கட்டுப் போட்டோம், சரியாகிவிட்டது” என்று உறவினர் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்தப் பிள்ளைக்கு முறிந்தது மணிக்கட்டாக இருந்திருக்கலாம். அதை நம்பி முழங்கைக்கும் அதையே செய்வதில்தான் இடர் இருக்கிறது.

முழங்கையில் எளிய காயமும் உண்டு. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையைச் சாலை கடக்கையில் கையைப் பிடித்து இழுத்தாலும், இரு கைகளையும் பற்றித் தூக்கிச் சுழற்றினாலும், ஆரை எலும்பின் தலையைச் சுற்றியுள்ள தசைநார் நழுவிவிடுகிறது. குழந்தை கையைச் சற்றே மடக்கி, உள்ளங்கை கீழ்நோக்க, உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும்; பொம்மையை நீட்டினாலும் அக்கையால் வாங்காது. வீக்கம் இராது. மருத்துவர் முன்கையை ஒருமுறை திருப்பினால் அது உரிய இடத்தில் அமரும். சற்று நேரத்தில் குழந்தை விளையாடத் தொடங்கும். ஆயினும் விழுந்து அடிபட்ட கையையோ வீங்கிய கையையோ இதுவெனக் கருதித் திருப்பிப் பார்த்தல் கூடாது.

விழுந்தபின் முழங்கை விரைந்து வீங்கினால், மூட்டுக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு முறிந்திருக்கலாம். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் இது மிகுதி. முறிந்த எலும்பின் முன்னே, கைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருந்தமனி ஓடுகிறது. எலும்பு முனை அதை அழுத்தினாலும், வீங்கும் கையைக் கட்டு இறுக்கினாலும் முன்கைத் தசைக்குக் குருதி குறைகிறது. சில மணி நேரம் அவ்வாறு நீடித்தால் தசை மடியத் தொடங்கும். மடிந்த தசை பின்னர்ச் சுருங்கி விரல்களை உள்நோக்கி இழுத்து முடக்கிவிடும். செர்மனியின் ஃகாலே நகர அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் 1881இல் இந்நோயை விளக்கி, இறுக்கமான கட்டே காரணம் என்றார். இவர் வேறு பெயரில் குழந்தைகளுக்குக் கதைகள் எழுதியவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இந்நிலையைக் கண்டறிய விரல்களே வழிகாட்டி. கட்டுப்போட்ட பின்பு வலி குறைய வேண்டும். மாறாக மணிக்கு மணி கூடுவது முதல் எச்சரிக்கை. குழந்தையின் விரலை மெல்ல நிமிர்த்தினால் முன்கையில் கடும்வலி எழுவது இரண்டாவது. சிறு பிள்ளைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. ஓயாத அழுகையும் பதற்றமுமே அதன் மொழி. அதை அடமென்று எண்ணி அதட்டிவிடுதல் தவறு. நகத்தை அழுத்தி விட்டால் சுமார் இரண்டு நொடிகளில் மீண்டும் சிவக்க வேண்டும். விரல் வெளிறுதல், குளிர்தல், மரத்துப்போதல் ஆகியவை பெரும்பாலும் தாமதமாக வருவன. அவை தோன்றும்வரை காத்திருத்தல் ஆகாது. நள்ளிரவானாலும் கட்டுப்போட்ட மருத்துவமனைக்கே சென்று, அதைத் தோல்வரை பிரிக்கச் சொல்ல வேண்டும். விடியட்டும் என்று வைக்கும் சில மணி நேரத்தில்தான் கை போய்விடுகிறது.

விழுந்தவுடன் வீட்டிலுள்ளோர் செய்ய வேண்டியது குறைவே. வளையல், காப்பு, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு ஆகியவற்றை வீங்குமுன் கழற்ற வேண்டும். கழலாத கயிற்றை வெட்டிவிடலாம். கையை நிமிர்த்தவோ மடக்கவோ முயலாமல், இருந்த கோணத்திலேயே மடித்த நாளிதழையோ அட்டையையோ அணைகொடுத்துத் துணியால் தளர்வாகக் கட்ட வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம். அறுவைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை பாலும் பலகாரமும் கொடாதிருத்தல் நன்று. அழும் பிள்ளைக்கு ஏதேனும் ஊட்டித் தேற்ற முனையும் பாட்டிமார்க்கு இது கடினமாகவே இருக்கும்.

எண்ணெய் தேய்த்து நீவுதல் எப்போதும் கூடாது. முறிந்த முழங்கையை நீவினால் சுற்றியுள்ள தசைக்குள்ளேயே எலும்பு படிந்து மூட்டு இறுகிவிடக்கூடும். கட்டுப் பிரித்தபின் கை விறைத்திருப்பதைக் கண்டு சிலர் அதைப் பிடித்து வளைத்துப் பயிற்சி கொடுக்கின்றனர். அதுவும் வேண்டா. பொதுவாக மூன்று அல்லது நான்கு வாரங்களில் கட்டும் கம்பியும் எடுக்கப்படும். அதன்பின் பிள்ளை தானே பந்தை எறியும். தானே சோற்றைப் பிசைந்து உண்ணும். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அந்த அசைவுகளே கையை மெல்ல மெல்ல நெகிழச் செய்யும்.